நானோவிஎன்ஏ-எச்4: நான்கு ட்ரேஸையும் எப்படி அமைப்பது? 145 மெகாஹெர்ட்ஸ் அன்டெனாவுக்கும் கேவிட்டிக்கும்

ஹட்டன்_மூடுபனி:

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம், லயத்துத் தகரக் கூரைக்கு மேலே 2 மீற்றர் பட்டைக்கான செங்குத்து டைபோல் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து வீட்டுக்குள் 10 மீற்றர் ஆர்ஜி-58 கேபிள். அளக்கக் கையில் இருப்பது நானோவிஎன்ஏ-எச்4, கையடக்க வெக்டர் நெட்வர்க் அனலைசர். அன்டெனாவை 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகு ஒரு பேண்ட்பாஸ் கேவிட்டியையும் (குறுகிய பட்டை ஒன்றை மட்டும் விடும் ஃபில்ட்டர்) ட்யூன் பண்ண வேண்டும்.

குழப்பம் எல்லாம் திரையில்தான். ஒரு ட்ரேஸின் (திரையில் வரையும் கோட்டின்) ஸ்கேலை மாற்றினால் வேறொன்று நகர்கிறது. சில நேரம் ட்ரேஸ் ஒன்று அப்படியே காணாமல் போகிறது. எஸ்டபிள்யூஆர் (நிலையலை விகிதம், 1 என்றால் முழுப் பொருத்தம்) கோடு மேலே ஒட்டிக்கொண்டு கீழே இறங்குவதே இல்லை. ஸ்மித் படம் (மின்மறுப்பை வட்டத்துக்குள் காட்டும் வரைபடம்) ஸ்பிரிங் மாதிரி சுருள்கிறது, ஃபேஸ் ரம்பப்பல் மாதிரி வருகிறது. எஸ்21 (இரண்டாவது போர்ட்டுக்குக் கடந்து போகும் அளவு) கோடு அடியில் புல் முளைத்த மாதிரி நடுங்குகிறது. இன்னொன்று: கூரையில் அன்டெனா அடியிலேயே கருவியை மாட்டினால் எஸ்டபிள்யூஆர் 2.0, வீட்டுக்குள் கேபிள் முனையில் 1.5. எதை நம்புவது?

ஸ்கேல், ஃபார்மட் எல்லாம் மாற்றினால் கலிபிரேஷன் கெட்டுப்போகுமா என்பதையும் சொல்லுங்கள்.


கோபுரத்தடி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், தம்பி: கெடாது. ஃபார்மட், ஸ்கேல், ரெஃபரன்ஸ் எல்லாம் அளந்து முடித்த எண்ணை எப்படி வரைவது என்பது மட்டும்தான். கலிபிரேஷனைப் பாதிப்பது அலைவரிசை எல்லையும் புள்ளிகளின் எண்ணிக்கையும். எல்லையை மாற்றிவிட்டீர்களா என்று திரையின் இடப்பக்க ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். அங்கே பெரிய எழுத்து 'சி' நின்றால் கலிபிரேட் செய்த அதே எல்லையில் இருக்கிறீர்கள். சின்ன எழுத்து 'சி'யாக மாறியிருந்தால் கருவி இடைப்பட்ட மதிப்பை ஊகித்துப் போடுகிறது என்று அர்த்தம். அவசரத்துக்குப் பரவாயில்லை, கேவிட்டிக்கு வேண்டாம்.

ஆகவே வரிசை இது: ஸ்டிமுலஸ் மெனுவில் ஸ்டார்ட் 137, ஸ்டாப் 153 மெகாஹெர்ட்ஸ். புள்ளிகள் 401. பிறகு கேலில் போய் முதலில் ரீசெட், அதன் பின் ஓப்பன், ஷார்ட், லோட், த்ரூ, டன், சேவ். ரீசெட்டை விட்டுவிட்டு மேலேயே கலிபிரேட் செய்வதுதான் பலர் செய்யும் பிழை. திரைக்கு வருவது இதற்கெல்லாம் பிறகு. கருவியைத் திறந்தவுடன் இருக்கும் 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையான எல்லையிலேயே நின்று 2 மீற்றர் அன்டெனாவைப் பார்க்காதீர்கள். 101 புள்ளி என்றால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ். 144 முதல் 146 வரையான முழுப் பட்டைக்கும் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும்.

இனி ட்ரேஸ். ஒவ்வொரு ட்ரேஸுக்கும் நான்கு விஷயம் தனித்தனியாக இருக்கிறது: எந்தச் சேனல், எந்த ஃபார்மட், கட்டத்துக்கு எவ்வளவு, ரெஃபரன்ஸ் எங்கே. இந்த நான்கில் எதைத் தொட்டாலும் அது அந்த நேரத்தில் ஆக்டிவ் ஆக உள்ள ட்ரேஸுக்குத்தான் போகும். உங்களுக்கு "வேறொன்று நகர்கிறது" என்பதன் காரணம் இதுதான். எது ஆக்டிவ் என்பதை மேல் வரியில் பார்க்கலாம், அதன் பெயர் மட்டும் நிறம் நிரப்பித் தெரியும்.

காணாமல் போகும் ட்ரேஸுக்கும் இதே இடத்தில்தான் விடை. டிஸ்ப்ளேயில் ட்ரேஸ் மெனுவுக்குள் போய் ஒரு ட்ரேஸை ஒரு தடவை தட்டினால் அது ஆக்டிவ் ஆகும். ஏற்கெனவே ஆக்டிவ் ஆக இருப்பதைத் தட்டினால் அணைந்துவிடும். சந்தேகத்தில் இரண்டு தடவை தட்டினால் கோடு போய்விடும். திரும்பத் தட்டுங்கள், வரும்.

அன்டெனா வேலைக்கு இப்படி வையுங்கள். ட்ரேஸ் 0, மஞ்சள்: எஸ்11 (முதல் போர்ட்டுக்கே திரும்பி வரும் அளவு), ஃபார்மட் எஸ்டபிள்யூஆர், கட்டத்துக்கு 0.25, ரெஃபரன்ஸ் பொசிஷன் 0. அடிக்கோடு 1.0 ஆகிவிடும், 8 கட்டத்துக்கு மேல் கோடு 3.0. அன்டெனா இன்னும் தூரத்தில் இருந்தால் கோடு 3-க்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது கட்டத்துக்கு 1 வைத்துப் பள்ளத்தைத் தேடிப் பிடித்துவிட்டு 0.25-க்குத் திரும்புங்கள். ட்ரேஸ் 1: எஸ்11, ஸ்மித். மற்ற இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது போர்ட்டில் ஒன்றும் மாட்டாதபோது எஸ்21 காட்டுவது கருவியின் சொந்த இரைச்சலை மட்டும்தான். நீங்கள் பார்த்த புல் அதுதான், பழுது இல்லை.

மெனுப் பெயர்கள் ஃபர்ம்வேருக்கு ஃபர்ம்வேர் கொஞ்சம் மாறும். பழையதில் எஸ்11 என்பதற்குச் சிஎச்0 ரிஃப்ளெக்ட் என்றும் எஸ்21 என்பதற்குச் சிஎச்1 த்ரூ என்றும் இருக்கும்.


பேராதனை_பெஞ்ச்:

மேலே சொன்னதோடு ரெஃபரன்ஸ் பற்றி ஒரு விளக்கம். பெரிய பெஞ்ச் கருவிக்குப் போகும்போது அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ரெஃபரன்ஸ் வேல்யூ என்பது ஓர் எண். ரெஃபரன்ஸ் பொசிஷன் என்பது அந்த எண் எந்தக் கோட்டில் உட்கார வேண்டும் என்பது. கீசைட் ஈ5071சி போன்ற கருவியில் ப்ரீசெட் அழுத்தினால் 10 கட்டம், கட்டத்துக்கு 10 டெசிபல், வேல்யூ 0, பொசிஷன் 5. அதாவது 0 டெசிபல் நடுவில். மேலே +50 வரை இடம். ஆம்ப்ளிஃபயர் இல்லாத அன்டெனாவுக்கும் ஃபில்ட்டருக்கும் 0-க்கு மேலே ஒன்றுமே வராது, ஆகவே பாதித் திரை வீண். பொசிஷனை 9 ஆக்கினால் +10 முதல் −90 வரை முழுத் திரையும் பயன்படும். நானோவிஎன்ஏ-வில் லாக்மேக்குக்கு (அளவை டெசிபலில் காட்டும் ஃபார்மட்) 7 என்று வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

ஆட்டோ ஸ்கேலை நம்பாதீர்கள். இருப்பதை இழுத்துத் திரையை நிரப்புவதுதான் அதன் வேலை. நல்ல கேபிளில் உள்ள 0.02 டெசிபல் நெளிவையும் பீதுருதலாகலை உயரத்துக்குக் காட்டும். ஆட்டோ ஸ்கேல் அடித்த பிறகு கட்டத்துக்கு எவ்வளவு என்பதை முதலில் வாசியுங்கள், கோட்டின் வடிவத்தைப் பிறகு பாருங்கள்.

கேவிட்டிக்கு ஒரு வழி: ஒரே எஸ்21-ஐ இரண்டு ட்ரேஸில் போடுங்கள். ஒன்றில் கட்டத்துக்கு 10 டெசிபல், மற்றதில் கட்டத்துக்கு 1 டெசிபல், இரண்டிலும் 0 டெசிபல் மேல் பக்கம். முதலாவது பக்கச்சரிவு எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டும். இரண்டாவது உச்சியில் எவ்வளவு இழப்பு என்று காட்டும். 10 டெசிபல் கட்டத்தில் 0.5 டெசிபல் இழப்பு கட்டத்தில் இருபதில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது ட்ரேஸ் எஸ்11 லாக்மேக். உச்சியும் எஸ்11-இன் பள்ளமும் ஒரே அலைவரிசையில் நிற்க வேண்டும். விலகி நின்றால் கப்ளிங் லூப்களில் (கேவிட்டிக்குள் சிக்னலை ஏற்றி இறக்கும் வளையங்கள்) ஒன்று சரியில்லை.


ஹட்டன்_மூடுபனி:

இருவருக்கும் நன்றி அண்ணே. ட்ரேஸ் தொலைவதும் எஸ்டபிள்யூஆர் கோடும் தீர்ந்தது. இப்போது பள்ளம் 142.0 மெகாஹெர்ட்ஸில் தெளிவாகத் தெரிகிறது. ஸ்மித் சுருளும், 2.0-க்கும் 1.5-க்கும் உள்ள வித்தியாசமும் அப்படியே இருக்கின்றன. புதிதாக ஒன்று: சும்மா 50 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை பார்த்தபோது 90-100 பக்கம் எஸ்11 சில இடத்தில் 0 டெசிபலுக்கு மேலே துள்ளுகிறது. ஒவ்வொரு ஸ்வீப்பிலும் வேறு வேறு இடம். கேவிட்டிக் கோட்டில் உள்ள நடுக்கத்துக்கு ஸ்மூதிங் போடலாமா?


பதுளை_ரோட்டு_வயர்:

சுருள் அன்டெனாவில் இல்லை, கேபிளில் இருக்கிறது. ஆர்ஜி-58-இல் அலை வெற்றிடத்தில் போகும் வேகத்தில் 0.66 மடங்குதான் போகும். 10 மீற்றர் போய்த் திரும்ப 20 மீற்றர், நேரம் சுமார் 101 நானோசெக்கன். இந்த நீளத்துக்கு ஒவ்வொரு 9.9 மெகாஹெர்ட்ஸுக்கும் எஸ்11 ஒரு முழுச் சுற்று சுற்றும். 137 முதல் 153 வரை 16 மெகாஹெர்ட்ஸ், ஆகவே ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. ஃபேஸ் ரம்பப்பல்லாக வருவதும் இதனால்தான், −180 பாகைக்குக் கீழே இறங்கினால் +180-க்குக் குதிக்கும்.

ஸ்கேல் மெனுவில் எலெக்ட்ரிகல் டிலே என்று ஒன்று இருக்கிறது. அதில் 101 நானோசெக்கன் கொடுத்தால் சுருள் அவிழும். எஸ்11-க்குப் போய்வரும் மொத்த நேரத்தையும் கொடுக்க வேண்டும், பாதியை அல்ல. பழைய ஃபர்ம்வேரில் அலகு பிக்கோசெக்கன், அங்கே 101000 என்று போடுங்கள். பெஞ்ச் கருவியில் போர்ட் எக்ஸ்டென்ஷன் என்ற வசதியைப் பயன்படுத்தினால் கதை வேறு. அது ஒருவழி நேரத்தைக் கேட்டு, ரிஃப்ளெக்ஷனுக்குத் தானாக இரட்டிப்பாக்கிக்கொள்ளும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

ஆனால் டிலே ஃபேஸை மட்டும்தான் திருத்தும், இழப்பைத் திருத்தாது. 2.0-க்கும் 1.5-க்கும் விடை இழப்பில் இருக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 மீற்றருக்குச் சுமார் 0.2 டெசிபல் தின்னும். 10 மீற்றருக்கு 2, போய்வர 4. எஸ்டபிள்யூஆர் 2.0 என்றால் எஸ்11 −9.5 டெசிபல். அதிலிருந்து இன்னும் 4 கழிந்து −13.5 ஆக வீட்டுக்கு வருகிறது, அது எஸ்டபிள்யூஆர் 1.5. இரண்டு அளவும் சரி, அளந்த இடம்தான் வேறு. அன்டெனாவைக் கழற்றிவிட்டு கேபிளின் மேல் முனையைத் திறந்து விட்டாலும்கூட வீட்டுக்குள் எஸ்டபிள்யூஆர் 4.4 என்றுதான் காட்டும், முடிவிலி என்று காட்டாது. கேபிளின் இழப்பைச் சோதிக்க அது நல்ல வழி: எஸ்11 லாக்மேக்கில் வரும் எண்ணைப் பாதியாக்கினால் ஒருவழி இழப்பு. ஆர்ஜி-58 10 மீற்றருக்கு 3 டெசிபலுக்கு மேல் வந்தால் கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும்.

ஸ்மித்தைப் பார்த்து அன்டெனா குட்டையா நீளமா என்று சொல்ல வேண்டுமென்றால் கேபிளின் மேல் முனையிலேயே ஓப்பன், ஷார்ட், லோட் மாட்டி கலிபிரேட் செய்யுங்கள். அதன் பிறகு கேபிளின் சுற்றும் இழப்பும் இரண்டும் கணக்கில் கழிந்துவிடும். அப்போது 145-இல் மார்க்கர் நடுக்கோட்டுக்குக் கீழே நின்றால் கெபாசிட்டிவ், டைபோல் குட்டை. மேலே நின்றால் நீளம். கேபிளின் கீழ் முனையில் கலிபிரேட் செய்துவிட்டு இப்படி வாசித்தால் அர்த்தமே இல்லை.

தண்ணீர் எங்கே இறங்கியது என்று பார்க்க டிரான்ஸ்ஃபார்மை (அளவைக் கேபிள் வழித் தூரமாக மாற்றிக் காட்டும் வசதி) ஆன் செய்து லோ பாஸ் இம்பல்ஸ் வையுங்கள், வெலோசிட்டி ஃபேக்டர் 66. ஸ்டார்ட் 50 கிலோஹெர்ட்ஸ், ஸ்டாப் 200 மெகாஹெர்ட்ஸ், 101 புள்ளி. இந்த எல்லையில் கிட்டத்தட்ட 50 மீற்றர் தூரம் வரை தெரியும், பிரித்தறியும் அளவு அரை மீற்றர். 900 மெகாஹெர்ட்ஸ் வரை விட்டால் நுணுக்கம் கூடும், ஆனால் 11 மீற்றருக்கு அப்பால் உள்ளது மடிந்து முன்னால் வந்து பொய் முகடாக நிற்கும். அன்டெனா முனையில் ஒரு முகடு வரத்தான் செய்யும். நடுவில் இன்னொன்று எழுந்தால் அந்த இடத்தில் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், கூரை விளிம்புத் தகரத்தில் உரசும் இடத்தை முதலில்.


நானுஓயா_88:

0 டெசிபலுக்கு மேலே துள்ளுவதற்கு: எஃப்எம் நிலையங்கள். உங்கள் அன்டெனா அவற்றை வாங்கி நேரே கருவியின் போர்ட்டுக்குள் தள்ளுகிறது. மின்சாரம் ஊட்டாத ஓர் அன்டெனாவிலிருந்து அனுப்பியதைவிட அதிகமாகத் திரும்பி வர முடியாது. எஸ்11 0-ஐத் தாண்டினால் ஒன்றில் கலிபிரேஷன் பிழை, அல்லது வெளியிலிருந்து ஏதோ நுழைகிறது. பிரித்தறிய அன்டெனாவைக் கழற்றி லோடை மாட்டுங்கள். துள்ளல் நின்றால் வெளிச் சிக்னல். ஒவ்வொரு ஸ்வீப்பிலும் இடம் மாறுவதும் அதையே சொல்கிறது, கலிபிரேஷன் பிழை என்றால் ஒரே இடத்தில் நிற்கும்.

மலையில் இது கீழ்நாட்டைவிட மோசம். பீதுருதலாகலையின் 2524 மீற்றர் உச்சியில் உள்ள கோபுரங்கள் நுவரெலியாப் பக்கத்துக் கூரைகளை நேராகப் பார்க்கின்றன, ஹட்டனிலும் எதிர்மலையில் ஏதாவது ஒரு கோபுரம் இருக்கும். வழி: ஸ்வீப் எல்லையை 137-153-க்குள்ளேயே வையுங்கள், டிஸ்ப்ளே மெனுவில் பேண்ட்விட்த்தை (ஒவ்வொரு புள்ளியிலும் கருவி கேட்கும் அகலம்) 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸாகக் குறையுங்கள். இரைச்சல் ஏறத்தாழ 10 டெசிபல் இறங்கும், ஸ்வீப் ஏறத்தாழ 10 மடங்கு மெதுவாகும். அன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவில் ஃபில்ட்டர் போட்டு அளக்க நினைக்காதீர்கள். எஸ்11-இல் ஃபில்ட்டரின் குணமும் கலந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்கும் நேரம் கருவியை அன்டெனாவில் மாட்டவே வேண்டாம். மற்ற நாளிலும் மாட்டும் முன் கேபிளின் நடு ஊசியை வெளிக் கூட்டோடு ஒரு கணம் தொட வையுங்கள். காற்றில் சேர்ந்த மின்னேற்றம் ஒரு தடவை பாய்ந்தால் போர்ட் போச்சு. அடுத்தது குளிர். விடியற்காலையில் 10 பாகை செல்சியஸில் கூரையில் நின்றுகொண்டு, வீட்டுக்குள் வெதுவெதுப்பில் செய்த கலிபிரேஷனைப் பயன்படுத்தினால் கோடு மெல்ல நகரும். கருவியை வெளியே ஆன் செய்து 15 நிமிடம் விட்டு, அங்கேயே கலிபிரேட் செய்யுங்கள்.


கோபுரத்தடி:

தகரக் கூரை என்று சொன்னீர்கள் அல்லவா, அதையும் பாருங்கள். டைபோலின் கீழ் முனைக்கும் தகரத்துக்கும் குறைந்தது 1 மீற்றராவது இடைவெளி வேண்டும், கூட இருந்தால் நல்லது. கேபிள் டைபோலின் நடுவிலிருந்து முதல் அரை மீற்றர், ஒரு மீற்றர் வரை பக்கவாட்டில் போய்ப் பிறகு இறங்க வேண்டும். சோதனை சுலபம்: எஸ்டபிள்யூஆர் ட்ரேஸைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கையால் பிடித்துத் தடவுங்கள். கோடு அசைந்தால் கேபிளின் வெளிப்பின்னலும் அன்டெனாவாக வேலை செய்கிறது. அன்டெனா அடியில் ஃபெரைட் சோக் (வெளிப்பின்னலில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் வளையம்) போடும் வரை எந்த அளவையும் நம்ப வேண்டாம். கருவியை யூஎஸ்பியில் மடிக்கணினியோடு இணைத்தபோது ஒரு கோடும், பேட்டரியில் வேறொரு கோடும் வந்தால் அதுவும் இதே வியாதிதான். கூரையில் 2.0 அளந்தபோது நீங்களே அன்டெனாவுக்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள், உடம்பும் அந்த 2.0-இல் சேர்ந்திருக்கும்.


பேராதனை_பெஞ்ச்:

ஸ்மூதிங் கேள்விக்கு: கேவிட்டியில் கூடாது. ஸ்மூதிங் ஒரே ஸ்வீப்பில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சராசரி எடுக்கிறது. 144 முதல் 146 வரை 401 புள்ளி என்றால் புள்ளிக்கு 5 கிலோஹெர்ட்ஸ். 5 வீத ஸ்மூதிங் 20 புள்ளியைக் கலக்கும், அதாவது 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு எல்லாம் மசங்கும். கூர்மையான நாட்ச் (பள்ளம்) ஆழம் குறைந்து தெரியும், பேண்ட்பாஸ் உச்சியும் உண்மையைவிடத் தாழ்ந்து தெரியும். படம் அழகாக இருக்கும், எண் பொய்.

நடுக்கத்தைக் குறைக்கப் பேண்ட்விட்த்தைக் குறையுங்கள், அல்லது ஆவரேஜிங். ஆவரேஜிங் ஒரே புள்ளியைப் பல ஸ்வீப்பில் அளந்து சராசரி எடுப்பது, அதனால் வடிவம் மாறாது. ஆனால் ஆவரேஜிங் ஓடும்போது திருகைத் திருப்பாதீர்கள், பழைய நிலை கோட்டில் கலந்தே இருக்கும். திருப்பும்போது ஆஃப், திருப்பி முடிந்த பிறகு ஆன்.

குரூப் டிலே பார்க்க நினைத்தால் மட்டும் ஸ்மூதிங்குக்கு ஓரளவு நியாயம் உண்டு. டிலே என்பது ஃபேஸின் சரிவு. புள்ளிகள் நெருங்க நெருங்க அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் ஃபேஸ் வித்தியாசம் சிறியதாகி இரைச்சலில் மூழ்கும். மறுபக்கம் புள்ளிகள் மிகவும் விலகினால் இரண்டுக்கு நடுவில் 180 பாகைக்கு மேல் திரும்பி, டிலே தலைகீழாகக்கூட வரும். 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அந்த வரம்பு 55 நானோசெக்கன். உங்கள் கேபிளின் 101 அதைத் தாண்டிவிட்டது. ஆகவே முழு எல்லையில் பார்த்த ஃபேஸ் கோட்டை மறந்துவிடுங்கள்.

கேவிட்டிச் சரிவின் அடியைப் படிக்கும்போது கருவியின் வரம்பையும் நினைவில் வையுங்கள். இந்தக் கருவி 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சுமார் 70 டெசிபல் வரைதான் காணும். எஸ்21 −70-இல் தட்டையாகி நின்றால் அது கருவியின் தரை, கேவிட்டி அதற்கும் கீழே போகலாம்.


ஹட்டன்_மூடுபனி:

மேல் முனையில் கலிபிரேட் செய்தேன், சுருள் போய்விட்டது. பள்ளம் 142.0-இலேயே நிற்கிறது. கேபிளைப் பிடித்தாலும் கோடு அசையவில்லை. ஒவ்வொரு கையும் 50 சென்டிமீற்றர். எவ்வளவு வெட்டுவது? அன்டெனாவுக்கும் கேவிட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் இதையெல்லாம் திரும்ப அமைக்க வேண்டுமா?


கோபுரத்தடி:

142-ஐ 145-ஆல் வகுத்தால் 0.979. 50 சென்டிமீற்றருக்கு 48.97, அதாவது கைக்கு ஒரு சென்டிமீற்றர். முதலில் இரண்டு பக்கமும் 5 மில்லிமீற்றர் மட்டும் வெட்டி, நீங்கள் கூரையிலிருந்து இறங்கிய பிறகு ட்ரேஸைப் பாருங்கள். 143.5 பக்கம் வந்திருந்தால் கணக்குச் சரி, மிச்ச 5-ஐயும் எடுங்கள்.

அமைப்பைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. சேவ் செய்யும்போது கலிபிரேஷனோடு அலைவரிசை எல்லை, ட்ரேஸ், ஃபார்மட், ஸ்கேல் எல்லாம் சேர்ந்தே போகும். அன்டெனாவுக்கான 137-153-ஐ சேவ் 0-இல் போடுங்கள், கருவியைத் திறக்கும்போது தானாக வருவது அதுதான். கேவிட்டிக்கான 144-146-ஐ, அதற்கென்று தனியாகக் கலிபிரேட் செய்து, பேராதனை சொன்ன மூன்று ட்ரேஸோடு சேவ் 1-இல் வையுங்கள். ரீகால் 1 அடித்த பிறகு இடப்பக்கம் பெரிய 'சி' நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருகில் கை வையுங்கள்.